சூசை மாஸ்டருக்கு ஒரு இஃப்

செத்துப்போன ஒருவருக்கு, நான் வேலை செய்த கண் ஆசுபத்திரி வருடா வருடம் "கண்ணைக் காட்ட வாருங்கள்" என்று செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறதாம். போன வாரம் ரிஸ்னா போனில் இதைச் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது சிரிப்புத்தான்.

ரிஸ்னா, நான் ஓய்வு பெற்ற பிறகு என் கதிரையில் உட்கார்ந்தவள். கட்டுகஸ்தோட்டைக்காரி. என்னைவிடக் கெட்டிக்காரி, அது அவளுக்கும் தெரியும்.

"மிஸ், எல்லாத்தையும் புது சிஸ்டத்துக்கு மாத்திக்கிட்டு ஈக்கிறம். பழைய ஸ்கிரிப்ட்ல எல்லாத்துக்கும் மேல ஒரு இஃப் ஈக்கி. ஒரே ஒரு ஆளுக்கு மட்டும். அந்த ஆள் மௌத்தாகிப் பல காலம். பக்கத்துல 'இது தற்காலிகம்'னு வேற எழுதி ஈக்கி. அழிச்சிடவா?"

"கையை வைக்காத புள்ள. அது சூசை மாஸ்டரோடது" என்றேன்.

"யாரு மிஸ் அது?"

அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். ஒழுங்கு எனக்கு அவ்வளவாக வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கண்டி டவுனில் ஒரு சப்பாத்துக் கடை மாடியில் கணினி வகுப்பு. கீழேயிருந்து தோல் வாசம் வரும், மேலே மின்சாரம் போகும். இரண்டுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டது டைப் அடிக்கவும், மெஷின் நின்றுவிட்டால் அணைத்துப் போடவும். அந்தத் தகுதியோடு ஆசுபத்திரியில் நோயாளிகளின் விவரம் பதியும் வேலைக்குச் சேர்ந்தேன். புரோகிராம் எழுதக் கற்றுத் தந்தவர் கனகசபை சேர்.

யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் கணினிப் பிரிவுக்குத் தலைவர். பிரிவு என்றால் அவரும் நானும், சத்தம் போடும் ஒரு மின்விசிறியும். நாங்கள் எழுதும் ஒவ்வொரு ஸ்கிரிப்டையும் கடதாசியில் அச்சடித்து எடுத்து, கோடு போடும் அடிமட்டம் வைத்து வரிவரியாகப் பார்ப்பார். 'இப்படியென்றால்' என்று நிபந்தனை போடும் இஃப்புக்குக் கீழே வரும் வரிகள் சமமாக உள்ளே தள்ளி நிற்கவேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் அடிமட்டத்தால் மேசையில் ஒரு தட்டு. மெஷினுக்கு அதில் கவலையே இல்லை. சேருக்கு இருந்தது.

அவரிடம் ஒரு பழக்கம். நிபந்தனை என்று எதைச் சொன்னாலும், கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "இல்லாட்டி?" என்று கேட்பார். 'வயது அறுபதுக்கு மேல் என்றால் இந்தச் செய்தி போகட்டும்' என்று எழுதிக் காட்டினால், "இல்லாட்டி?" 'இல்லாட்டி' என்கிற எல்ஸ் இல்லாத இஃப், அவர் கணக்கில், கைப்பிடி இல்லாத குடை. புரோகிராமோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கன்டீனில் போய், "மீன் முடிஞ்சா முட்டை தாறன் சேர்" என்றவரிடமும் கேட்டார். பியோன் ஒருநாள் வெற்றிலையோடு வந்து, "சாதகம் பொருந்திட்டா தையில கல்யாணம் சேர்" என்று சந்தோசமாகச் சொன்னபோதும், "இல்லாட்டி?" என்று கேட்டுவிட்டார். கல்யாணம் நடந்தது. சேருக்கு மட்டும் பத்திரிகை வரவில்லை.

இன்னொன்றும் சொல்லித் தந்தார். நாங்கள் பாவித்த மொழியில் ஒற்றைச் சமக்குறி போட்டால் மதிப்பைப் போட்டு வைப்பது. இரட்டைச் சமக்குறி போட்டால் சமமா என்று கேட்பது. இஃப்புக்குள் தவறிப்போய் ஒன்றை மட்டும் போட்டால் மெஷின் குறைசொல்லாது. கேள்வி கேட்காமல், நாம் சொன்னதையே உண்மையாக்கிவிட்டுப் போய்விடும்.

"கவனம் பிள்ளை. ஒண்டு போட்டா நீர் சொல்லுறீர். ரெண்டு போட்டா நீர் கேக்கிறீர். கேக்க வேண்டிய இடத்தில சொல்லிப்போடாதையும்" என்பார். இதை அவர் சொல்லாத வாரம் கிடையாது. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது.

அந்தக் காலத்தில்தான் ஆசுபத்திரியில் செய்தி அனுப்பும் முறை வந்தது. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்ததும் நோயாளியின் போனுக்கு ஒரு செய்தி. எந்த நாள், எத்தனை மணி, சாப்பிட்டு வரவேண்டுமா, வெறும் வயிற்றோடு வரவேண்டுமா, எல்லாம் அதில் இருக்கும். சிகிச்சை முடிந்தவர்களுக்கு வருடா வருடம், கண்ணைக் காட்ட வரும்படி இன்னொன்று. நல்ல திட்டம். ஒரே ஒரு தொல்லை: எந்த மொழியில் அனுப்புவது?

கேட்டுவிட்டால் முடிந்தது என்று நினைப்பீர்கள். கேட்கக்கூடாது என்பது எங்கள் பெரிய டொக்டரின் உத்தரவு. ஒருமுறை கவுண்டரில் ஒரு பிள்ளை, "ஐயா சிங்களமா தமிழா?" என்று கேட்டுவைக்க, அந்த மனிதர், "ஏன், தெரிஞ்சு என்ன செய்யப் போற?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. அப்படிக் கேட்டுக் கேட்டு நொந்த ஊர்தானே இது. பெரிய டொக்டர் நல்ல மனிதர், ஒருவர் மனமும் நோகக்கூடாது அவருக்கு. "கண் ஆசுபத்திரியில் இனி எவரிடமும் அந்தக் கேள்வி வேண்டாம். பெயரைப் பார்த்தால் தெரியாதா?" என்றார்.

பெயரைப் பார்த்து! கண்டியில்!

சேரும் நானும் கவுண்டர்ப் பிள்ளைகளும் உட்கார்ந்து ஒரு பின்னேரம் முழுக்கச் சாத்திரம் பார்த்தோம். பெயர் 'கே' என்று முடிந்தால் சிங்களம். முஹம்மது, பாத்திமா என்றால் தமிழ். முத்து, லெட்சுமி என்றாலும் தமிழ். பெரேரா, சில்வா, பெர்னாண்டோ என்றால் சிங்களம். "இல்லாட்டி?" என்றார் சேர். இல்லாட்டி ஆங்கிலம் என்று எழுதிவைத்தேன், யாரும் கேட்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்.

நிபந்தனைகளை மேலிருந்து கீழாக மெஷின் பார்த்துக்கொண்டே வரும். முதலில் பொருந்துவதைப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு கீழே என்ன இருந்தாலும் ஏறெடுத்தும் பார்க்காது. முதலில் வந்த பஸ்ஸில் ஏறியவன் அடுத்த பஸ்ஸைப் பார்ப்பானா?

வேடிக்கை முதல் மாதமே ஆரம்பித்தது. பரம்பரைப் பெயர் 'கே' என்று முடியும் ஒரு முஸ்லிம் முதலாளிக்குச் சிங்களத்தில் போனது. அவர் அதைக் கடையில் எல்லோருக்கும் காட்டிச் சிரித்தாராம். பெரேரா ஒருவரைக் கட்டியிருந்த யாழ்ப்பாணத்து லோயர் அம்மாவுக்கும் சிங்களத்தில் போனது. அவர் சிரிக்கவில்லை. போன் எடுத்து, சேர் மறந்துபோயிருந்த சொற்களையெல்லாம் ஞாபகப்படுத்தினார். சேர் ரிசீவரைப் பிடித்தபடி எழும்பி நின்று, "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்றுகொண்டிருந்தார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடே தேவைப்படவில்லை, அவ்வளவு சந்தோசம்.

பிறகு சூசை மாஸ்டர் வந்தார்.

புசல்லாவை டவுனில் தையல்கடை வைத்திருந்தவர். முழுப்பெயர் சூசை பெர்னாண்டோ. இரண்டு கண்ணிலும் வெண்புரை. வலது கண் ஏற்கெனவே புகைமூட்டம், இடதும் மங்கத் தொடங்கியிருந்தது. அந்த வருடம் புசல்லாவையில் பச்சைச் சட்டைகளுக்கு நீல நூல் ஓடிக்கொண்டிருந்ததாம். பெண்கள் முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்பட்டு, வீட்டில் பிரித்துத் தைத்துக்கொண்டார்கள். ஆனால் பிரித்துத் தைப்பவர்கள் எத்தனை நாளைக்கு வருவார்கள்? ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். இந்த நத்தார்ப் பண்டிகைக்கு முன்னால் கண் சரியாகாவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான் என்று அவரே எங்களிடம் சொன்னார். தைப்பதைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது.

ஆசுபத்திரியில் தருமமாகச் செய்யும் சத்திரசிகிச்சைக்கு அவருடைய பெயரைப் பதிந்தோம். போனில் அவரைப் பிடிக்க முடியாது. கடைக்குள் சிக்னல் இல்லை. வெளியே வந்து நின்றால் செய்தி மட்டும் விழும். ஆகவே எல்லாம் என் ஸ்கிரிப்ட் கையில்.

பெர்னாண்டோ என்றதும் ஸ்கிரிப்ட் சிங்களத்தில் அனுப்பியது. அவருக்கு எந்த மொழியிலும் வாசிக்க வராது. போனை வாசித்துச் சொல்வது இளைய மகள், அவளுக்குத் தமிழ் மட்டும்தான். ஆனால் திகதியும் மணியும் எல்லா மொழியிலும் ஒன்றுதானே? அந்த இலக்கங்களைப் பார்த்து, அப்பாவுக்கு நல்ல ரொட்டியும் சம்பலும் கொடுத்து, சரியான நாளில் சரியான நேரத்துக்கு அனுப்பிவைத்துவிட்டாள்.

"சாப்பிட்டீங்களா?" என்று தாதி கேட்டார்.

"வயிறு நெறையங்க" என்றார் மாஸ்டர், அக்கறையாக விசாரிக்கிறார்களே என்ற மகிழ்ச்சியில்.

வெறும் வயிற்றோடு வந்திருக்க வேண்டியவர். முன்பெல்லாம் கவுண்டரில் வாயால் சொல்லி அனுப்புவார்கள். ஸ்கிரிப்ட் வந்ததும், அதுதான் சொல்லுமே என்று நிறுத்திவிட்டார்கள். மாஸ்டர் திரும்பிப் போனார்.

நாங்கள் பெர்னாண்டோவுக்கு மேலே புது நிபந்தனை ஒன்று போட்டோம். சூசை, செபமாலை, அந்தோனி என்று முதற்பெயர் வந்தால் தமிழ். சேர் அடிமட்டம் வைத்துப் பார்த்துத் திருப்திப்பட்டார். அடுத்த நாள் குறிக்கப்பட்டது, செய்தி அழகான தமிழில் போனது. இந்தத் தடவை அவருடைய நேரம் பின்னேரம். மாஸ்டருக்குச் சீனி வருத்தமும் உண்டு என்பதால், காலையில் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுவிட்டு வரும்படி சொல்லியிருந்தோம்.

மாஸ்டர் வந்தார். வந்து, கவுண்டரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. முதல்நாள் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, மாத்திரையை மட்டும் போட்டிருக்கிறார். சீனி இறங்கிவிட்டது. அன்றைக்கும் சத்திரசிகிச்சை இல்லை.

அவரைக் கன்டீனுக்குக் கூட்டிப்போய்ச் சீனி போட்ட தேத்தண்ணி வாங்கிக்கொடுத்தேன்.

"மாஸ்டர், மெசேஜ்ல சாப்பிடச் சொல்லித்தானே போட்டிருந்தோம்? மக வாசிச்சுச் சொல்லலையா?"

"மகள மாத்தளைக்குக் கட்டிக் குடுத்துட்டேன் மிஸ். இப்ப பக்கத்துக் கடை பண்டா முதலாளிதான் போனப் பார்க்குறாரு. அவருக்குத் தமிழு வாசிக்க வராது. நம்பரப் பார்த்து நாளச் சொன்னாரு. போன தடவ சாப்பிட்டேன்னு திருப்பி அனுப்புனாங்கல்ல, அதனால ராத்திரியே வந்து எங்கிட்ட திங்கிறதுக்கு இருந்த பணிஸையெல்லாம் புடுங்கிக்கிட்டுப் போயிட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கை கோப்பையைத் தேடித் தடவுவதைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

நான் போய்ச் சேரிடம் சொன்னேன். பண்டா முதலாளி பணிஸ் பிடுங்கிய கதையைக் கொஞ்சம் அபிநயத்தோடேயே சொன்னேன். சேர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முதல்தரம் மகளுக்குத் தமிழ் வேணும், சிங்களத்தில அனுப்பினம். இப்ப முதலாளிக்குச் சிங்களம் வேணும், தமிழில அனுப்பினம். பிள்ளை, நாங்கள் ரெண்டு சமக்குறி போடுறம் எண்டு நினைச்சுக்கொண்டு ஆக்களுக்கு ஒண்டைப் போட்டுக்கொண்டிருக்கிறம். கேக்கவே இல்லை. இதுதான் உன்ர பாசை எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறம்."

"கேக்கக்கூடாதுன்னு பெரிய டொக்டர் சொல்லியிருக்காரே சேர்?"

"பாசையைத்தானே கேக்கக்கூடாது? போனை ஆர் வாசிக்கிறது எண்டு கேக்கலாமே?"

பெரிய டொக்டரிடம் போனோம். அவர் கேள்வியை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். யார் மனமும் நோகாது என்று நிச்சயப்படுத்திக்கொண்டு சம்மதித்தார். அவர் சொன்னது சரி, எவர் மனமும் நோகவில்லை. வரிசைதான் நீண்டது. "உங்க போனை யார் வாசிக்கிறது?" என்று கேட்டதும், மருமகள் வந்த நாள் தொட்டு ஆரம்பித்தார்கள். யார் யாரோடு கோபம், யார் வெளிநாட்டில், யாருக்குப் போனைக் கொடுத்தால் திரும்பி வராது என்று கவுண்டர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாத குடும்பக் கதை கிடையாது என்றாகிவிட்டது. பெயர் பார்த்த நிபந்தனைகள் எல்லாவற்றையும் அழித்தோம். அந்த நாள் எனக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் மாஸ்டருக்கு இனி ஒரு தடவைதான். தருமக் கணக்கில் மூன்றாம் முறையும் தவறினால் பெயர் வரிசையின் கடைசிக்குப் போகும். காத்திருப்பவர்கள் ஏராளம், அந்த விதியைப் பிழை சொல்ல முடியாது. வரிசை திரும்பி வருவதற்குள் இடது கண்ணும் போய்விடும், கடையும் போய்விடும்.

"முதலாளிக்குச் சிங்களத்தில அனுப்பினாச் சரிதானே?" என்றேன்.

"அண்டைக்கு முதலாளி கடை பூட்டியிருந்தா? மாஸ்டர் வெளியில வராட்டி? மகள் வந்து நிண்டா?"

"அப்ப மாஸ்டருக்கு மட்டும் தனியா ஒரு இஃப் போடுவோம் சேர். எல்லாத்துக்கும் மேல. அவர் பதிவு நம்பர் வந்தா மத்தது ஒன்னையும் பார்க்காம, ரெண்டு மொழியிலயும், அவர் போனுக்கும் முதலாளி போனுக்கும் போகட்டும்."

சேருக்கு முகம் சிவந்துவிட்டது. புரோகிராமுக்குள் ஒரு தனி ஆளின் பெயரை எழுதுவது அவர் சமயத்தில் பெரும் பாவம். அடிமட்டம் மேசையில் பட்டென்று விழுந்தது.

"ஒரு ஆளுக்கு ஒரு இஃப் எழுதினா, நாளைக்குக் கண்டி முழுக்க எழுதவேணும். விதி எண்டா எல்லாருக்கும் பொது. ஒரு ஆளுக்காண்டி எழுதுறது விதியில்லை. விளங்குதோ?"

எனக்கு நன்றாக விளங்கியது. அவர் சொன்னது நூறு வீதம் சரி. ஆனால் எத்தனை வருடமாக நான் காத்திருந்த சந்தர்ப்பம் இது! கண்ணாடி போடாத நான், போட்டதுபோலத் தலையைக் குனிந்து, மேலால் அவரைப் பார்த்து, மெல்லக் கேட்டேன்.

"இல்லாட்டி?"

 சேர் என்னைப் பார்த்தார், அடிமட்டத்தைப் பார்த்தார். பிறகு, "எழும்பும்" என்றார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். என் கதிரையில் உட்கார்ந்து, ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, அந்த இஃப்பை எல்லாவற்றுக்கும் மேலே தானே அடித்தார். பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினார்: இது தற்காலிகம். எழுதிவிட்டு, யாருக்கும் சொல்லவேண்டாம் என்றார். அடிமட்டத்தை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மூன்றாம் முறை, ஒரு காலையில், மாஸ்டர் வந்தபோது கூடவே பண்டா முதலாளியும் வந்தார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். மாஸ்டர் வெறும் வயிற்றோடு தெம்பாகத்தான் இருந்தார். முதலாளிதான் கதிரையில் சரிந்து கிடந்தார்.

"முதலாளிக்கு என்ன?" என்று கேட்டேன்.

"அனே மிஸ், நானும் சாப்பிடல்ல. ராத்திரிக்குப் பிறகு சாப்பிட வேணாம் எண்டு என்ட போனுக்கும் வந்தது தானே? ஆசுபத்திரி சொன்னா கேக்க வேணும் தானே?"

அவருக்குப் பணிஸ் வாங்கிக் கொடுத்தோம். இந்தமுறை யாரும் பிடுங்கவில்லை. இப்படிச் சோர்ந்து கிடக்கிறாரே என்று கண் சோதிக்கும் தம்பி அவருடைய கண்ணையும் பார்த்தார். உள்ளே அழுத்தம் கூடியிருந்தது. வலியே இல்லாமல் பார்வையைத் தின்னும் நோய் அது. முதலாளி அன்றைக்குப் பட்டினி கிடந்திராவிட்டால் அவருக்கே தெரிந்திருக்காது.

கட்டு அவிழ்த்த அன்று மாஸ்டர் முதலில் பார்த்தது என்னையல்ல, என் சட்டையை. "மிஸ், இந்தத் தோள் தையலு கோணிப் போயிருக்குங்க. யாரு தச்சது?" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நான் அழுதேன் என்று சொன்னால் என் வீட்டில் நம்பமாட்டார்கள். ஆனால் அழுதேன்.

அந்த நத்தாருக்கு மாஸ்டர் எனக்கொரு பச்சைச் சட்டை தைத்து அனுப்பினார். பச்சை நூல்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே ரிஸ்னா பழைய ஸ்கிரிப்டை மேலிருந்து கீழாகப் பார்த்திருக்கிறாள். பிறகு, "இப்பத்தான் வெளங்குது மிஸ். 'இறந்தவருக்கு அனுப்பாதே'ன்ற இஃப் கீழ ஈக்கி. மாஸ்டர்ட இஃப் மேல ஈக்கிறதால மெஷின் கீழ பார்க்கிறதே இல்ல. அதான் ஒவ்வொரு வருசமும் போகுது" என்றாள்.

"அப்ப அழி. ஆளே இல்லையே" என்றேன். 

"அதான் பிரச்சின மிஸ். நீங்க சொன்ன பொறகுதான் பொருத்திப் பார்க்கிறன். ஆள் வருது."

"எந்த ஆள்?"

"நாளைக்கு அவங்கட திகதி. வந்து பாருங்களேன்."

மறுநாள் பஸ் ஏறிப் போனேன். கவுண்டர் முன்னால் பண்டா முதலாளி நின்றார். தலை முழுக்க வெள்ளை, கையில் போன். திரையில் சூசை மாஸ்டர் பெயருக்கு வந்த செய்தி. அவர் பக்கத்தில், தேயிலைக் கொழுந்து எடுக்கும் வேலையிலிருந்து அப்படியே வந்ததுபோல ஒரு அம்மா, சேலைத் தலைப்பால் ஒரு கண்ணைத் துடைத்தபடி.

ரிஸ்னா காதோடு சொன்னாள்: "ஒவ்வொரு வருசமும் அவர்ட கண்ணையும் காட்டுவார். அந்த மெசேஜைக் காட்டி இன்னொரு ஆளையும் உள்ள கூட்டிக்கொண்டு போவார். போன முறை பஸ் கொண்டக்டர் ஒராள். இன்டைக்கு ஏன்னு கேட்டேன், மாஸ்டர்ட நம்பர் சும்மா கெடக்கக் கூடாதாம்."

முதலாளி என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தார். "மிஸ்! இண்டைக்கு நான் சாப்பிட்டு வந்தது!" என்று தூரத்திலிருந்தே அறிவித்தார்.

கவுண்டர்ப் பிள்ளை அந்த அம்மாவிடம் கேட்டாள்: "அம்மா, உங்க போனை யார் வாசிக்கிறது?"

"எங்கிட்ட போனே இல்லீங்க" என்றார் அவர். பிறகு முதலாளியைக் காட்டினார். "இவருக்கு வந்தா எங்க தோட்டத்து லயத்து வீடுங்களுக்கே வந்த மாதிரி."

ரிஸ்னா உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன். என் பழைய கதிரையில் உட்கார்ந்து, புது சிஸ்டத்தைத் திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே சூசை மாஸ்டரின் இஃப்பை எழுதத் தொடங்கினாள். என்னைவிட வேகமாக அடிக்கிறாள். உள்தள்ளலும் நேராகத்தான் இருந்தது, அடிமட்டம் வைத்தாலும் பிழை பிடிக்க முடியாது.

"பக்கத்துல குறிப்பு ஒன்டு கட்டாயம் போடணும் மிஸ். இல்லாட்டி புது சிஸ்டம் ஏத்துக்காது. என்ன போட?"

"சேர் போட்டதையே போடு" என்றேன். "இது தற்காலிகம்."